உப்புக்காற்றில் ஒரு பழைய செமி ஆட்டோ: ஸ்கீட் துப்பாக்கியைத் திறந்து, துடைத்து, மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதுதான் எனக்குச் சோறு போடும் விஷயம். அப்படிப்பட்ட நானே, தாய்மாமாவிடமிருந்து வந்த ரெமிங்டன் 1100 என்ற செமி ஆட்டோ துப்பாக்கியை, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை, இரண்டு வருடம் வெளியே மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். தோளில் வைக்கும் பிடிக்கட்டைக்குள் ஒரு ஸ்பிரிங் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது தெரியவே இல்லை. ஒருநாள், பறக்கும் தட்டைச் சுட்டு உடைக்கும் ஸ்கீட் விளையாட்டின் மைதானத்தில் முதல் தட்டு உடைந்தது, இரண்டாவதற்கு விசையை இழுத்தால் சத்தமே இல்லை. பழி தோட்டாவின் மேல் போட்டேன். தோட்டாவை மாற்றினேன், அப்புறமும் அதே கதை.

அதனால் இதை வாசிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் துப்பாக்கி சுட்டுத் தேய்ந்து கெடுவது அபூர்வம். சும்மா நிற்கும்போது, நம் கண் போகாத இடத்தில்தான் அது சாகிறது. பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்துக்கு நூறு வருடமும் துருவோடுதான் சண்டை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் தனியாகத் துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டியிருந்தது. அந்தக் காற்றுதான் உங்கள் பீரோவுக்குள்ளும் வருகிறது.

கையை வைக்கும் முன்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, துப்பாக்கி பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். சுத்தம் செய்வது, எண்ணெய் போடுவது, கையேட்டில் உரிமையாளரே செய்யலாம் என்று சொல்லியிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றுவது, இவை வீட்டு வேலை. குழலில் துளையிடுவது, குழல் முனையில் இருக்கும் இறுக்கமான சோக்கைக் கடைவது, ட்ரிகர் விசையை இழுக்கும் எடையைக் குறைப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, ரிவெட் அடித்த பாகத்தைத் தொடுவது எல்லாம் உரிமம் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) வேலை. உரிமையாளரின் வேலை எங்கே முடிகிறது என்பதைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உரிமத்தில் எழுதியிருக்கும் வரிசை எண்ணும் ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் நடு உடலில், பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். வாரிசாக வந்த துப்பாக்கி என்றால் கட்டாயம் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், உரிமம் 5 வருடம். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது இடத்தைத் தாத்தாவின் இரட்டைக்குழல் பிடித்துக்கொண்டிருக்கும். எதை வைப்பது, எதை ஒப்படைப்பது என்ற பஞ்சாயத்து முடிந்த பிறகு மராமத்தில் காசு போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இந்தத் துப்பாக்கிகள் கண்மாய்க் கரையில் தாராவுக்கும் உள்ளானுக்கும் காத்திருந்தவை. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் இன்று பறவைகள் சரணாலயம். இனி இதற்கு ஒரே வேலை, பறக்கும் தட்டை உடைப்பது. களிமண் தட்டு என்று பெயரே தவிர அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் சேர்த்து அழுத்தியது. 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை.

உங்களிடம் இருப்பது எந்த ஜாதி

பழைய செமி ஆட்டோக்கள் இரண்டு வகை. எது என்று தெரியாமல் எண்ணெய் போட்டாலே தப்பாகிவிடும்.

ஒன்று, சுட்டதும் குழலே பின்னால் போய்வரும் வகை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5 அப்படிப்பட்டது. ரிசீவரின் பின்பக்கம் மேசை மூலை மாதிரிச் சதுரமாக இருக்கும், பார்த்ததும் தெரியும். குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயைச் சுற்றிப் பெரிய ஸ்பிரிங், ஒரு வெண்கல வளையம், ஓர் இரும்பு வளையம் இருக்கும். அந்த இரும்பு வளையம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனமான தோட்டாவுக்கு அது ஸ்பிரிங்குக்கும் வெண்கல வளையத்துக்கும் நடுவில் வரும், குழிந்த பக்கம் வெண்கலத்தைப் பார்த்திருக்கும். லேசான தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்குக் கீழே, ரிசீவரை ஒட்டி வரும். ஸ்கீட்டுக்கு லேசான தோட்டாதான் போடுகிறோம், எனவே இரண்டாவது முறை. லேசான இடத்தில் வளையத்தை விட்டுவிட்டுக் கனத் தோட்டா போட்டால் குழல் முழு வேகத்தில் பின்னால் வந்து மோதும். முன்கட்டை விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

இன்னொன்று வாயு வகை. குழலில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே கொஞ்சம் வாயு வெளியே வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன், தோட்டாவுக்குப் பின்னால் மூடி நிற்கும் போல்ட்டைத் தள்ளும். பெரெட்டா 303, 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 எல்லாம் இந்த வகை. உதை குறைவு, அதனால்தான் ஸ்கீட்காரர்களுக்கு இதன்மேல் பிரியம். ஆனால் கரி சேரும், ஓ-ரிங் காயும், துளை அடையும். மோட்டார் தெரிந்தவர்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான் என்பதால் இனி 1100-ஐ வைத்தே பேசுகிறேன்.

கழற்றுவது

வீட்டில் தோட்டா ஒரு அறையில், துப்பாக்கி வேறு அறையில். வேலை செய்யும் மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். மேகசினுக்குள் கீழிருந்து விரல் விடுங்கள். கண்ணால் பார்த்ததை விரலும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் டீ குடிக்கப் போய்விட்டு வந்தாலும் மறுபடி இதே சோதனை.

வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் பின் தெரியும். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் செல்பேசியில் ஒரு படம். 1100-இல் பிஸ்டனும் அதன் சீலும் எந்தப் பக்கம் பார்த்து எந்த வரிசையில் இருந்தன என்பதை ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடியவர் குறைவு. தலைகீழாகப் போட்டுவிட்டு மைதானத்தில் நின்று யோசிப்பவர் நிறைய.

போல்ட் பின்னால் நிற்கும் நிலையில், பாதுகாப்பு பொத்தானைப் போட்டுவிட்டு, மேகசின் மூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். முன்கட்டை முன்னால் வழுக்கி வரும். குழலை நேராக முன்னால் உருவுங்கள். மேகசின் குழாயில் ஓ-ரிங், பிஸ்டன், பிஸ்டன் சீல் இருக்கும், ஒவ்வொன்றாக உருவி எடுங்கள்.

அடுத்தது மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது. குழல் இல்லாத நிலையில் போல்ட்டைத் தடாலென்று முன்னால் விடாதீர்கள். தடுக்கக் குழல் இல்லை, அடி முழுவதும் ரிசீவருக்குப் போகும். போல்ட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு கைப்பிடியை வெளியே இழுத்தால் வந்துவிடும். ரிசீவருக்குள் இருக்கும் ஃபீட் லாட்சை அழுத்தினால் போல்ட்டும் ஆக்‌ஷன் கம்பியும் சேர்ந்து முன்னால் உருவிவரும்.

ட்ரிகர் கூட்டை இரண்டு பின்கள் பிடித்திருக்கும். பித்தளை அல்லது மர ஊசியால் தட்டுங்கள், இரும்பு ஆணியால் தட்டி ரிசீவரைக் கீறாதீர்கள். கூடு வெளியே இருக்கும்போது விளையாட்டாகக்கூட விசையை இழுக்கக் கூடாது. சுத்தியல் முழு வேகத்தில் வந்து அலுமினியக் கூட்டை அடிக்கும், அல்லது உங்கள் விரலை. இதற்கு மேல் ட்ரிகர் கூட்டைப் பிரிக்கவே வேண்டாம். மண்ணெண்ணெயில் முக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவைத்து, மூட்டுக்கு மூட்டு ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். என் மாமாவின் ட்ரிகர் கூட்டில் இருந்து வந்த அழுக்கு கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. முப்பது வருடத் தேங்காய் எண்ணெய்.

இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும்: துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவும் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் நல்ல மாற்று. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட உதவும், ஆனால் அதையே நம்பி மாதக்கணக்கில் வைத்துவிட முடியாது.

பார்க்க வேண்டியதைப் பார்ப்பது

குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்ச வளையங்கள் ஒழுங்காக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு கருப்பு வளையம் இருந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நிழல் இருந்தால் நசுங்கல். இரண்டில் எது இருந்தாலும் அந்தக் குழலில் சுடாதீர்கள், கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். உள்ளே சாம்பல் கோடுகளாக இருப்பது பெரும்பாலும் தோட்டாவின் பிளாஸ்டிக் படிவு, பயப்பட ஒன்றுமில்லை. கருப்புப் புள்ளி புள்ளியாக, பிரஷ் போட்ட பிறகும் போகாமல் இருந்தால் துருக்குழி. மேலோட்டமான குழி சுடுவதைக் கெடுக்காது, ஆனால் அழுக்கைப் பிடித்துவைக்கும். சேம்பரில் குழி என்றால் வெற்றுத்தோட்டா வெளியே வராமல் இறுகும். செமி ஆட்டோவில் பாதித் தொல்லைக்குக் காரணம் அதுதான்.

வெற்றுத்தோட்டாவை இழுத்தெடுக்கும் போல்ட்டின் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை நகத்தால் தடவிப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தாலோ உடைந்திருந்தாலோ நகத்துக்குத் தெரியும்.

சேம்பர் நீளத்தைக் குழலில் பொறித்திருப்பார்கள். இரண்டே முக்கால் அங்குலம் என்றால் 70 மில்லிமீட்டர். பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளில் 65 இருக்கும். தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் வெடித்து விரிந்த பிறகான அளவு. அதனால் 70 தோட்டா 65 சேம்பரில் உள்ளே போகும், மூடவும் மூடும், ஆபத்து சுட்ட பிறகுதான். துப்பாக்கியோடு சேர்ந்து வந்த பழைய தோட்டாப் பெட்டியில் பித்தளை பச்சை பூத்திருந்தால் அதைச் சுடவே வேண்டாம், உரிய இடத்தில் ஒப்படையுங்கள்.

துருவை எடுப்பது

நீலக்கருப்பாக இருக்கும் அந்தப் பூச்சு பெயின்ட் இல்லை. அதுவும் ஒரு வகைத் துருதான், கருப்புத் துரு, மெல்லிய ஒரு படலம். அது தானாக இரும்பைக் காப்பதில்லை. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்வதால் காக்கிறது. இது புரிந்தால் செய்யக்கூடாத காரியங்கள் தாமாகப் புரியும். பித்தளை விளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. எலுமிச்சை, வினிகர், கோலா, எந்தப் புளிப்பும் கூடாது. செந்துரு போவதற்குள் கருப்பும் சேர்ந்து போய்விடும், வெறும் வெள்ளை இரும்பு நிற்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் வேண்டாம், அது ரொம்பக் கரடு.

வேண்டியது நான்கு சுழி (0000) ஸ்டீல் வுல், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அதுவும் தாராளமான எண்ணெயும். துருவின் மேல் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் ஸ்டீல் வுல்லை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் முன்கட்டை மறைக்கும் இடத்தில் செய்து பாருங்கள். எண்ணெய் செம்மண் குழம்பாக மாறும், துடைத்துவிட்டு மறுபடி. எண்ணெய் நிறம் மாறாமல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே ஒரு சாம்பல் நிறத் தழும்பு மிஞ்சும். இருக்கட்டும்.

இங்கே என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. பழைய துப்பாக்கியைக் கடையில் கொடுத்து பாலிஷ் போட்டுப் புதுப்பூச்சு ஏற்றுவது பத்தில் ஒன்பது முறை வீண். பாலிஷ் சக்கரம் எழுத்துப் பொறிப்பைத் தேய்க்கும், ரிசீவரின் கூர்மையான விளிம்பை மழுக்கும். தழும்போடு இருப்பதை நல்ல எண்ணெயில் வைத்தால் போதும். வரிசை எண் மங்கினால் அது அழகுப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை.

துரு பரவலாக இருந்தால் பழைய ஒரு முறை உண்டு: கொதிக்கவைப்பது. செந்துரு பிடித்த இரும்பைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருப்புத் துருவாக மாறும், மேலே நிற்கும் தூளை மெல்லத் தேய்த்தால் கீழே கருப்பு நிலைக்கும். மேகசின் மூடி, கைப்பிடி போன்ற சின்ன இரும்புப் பாகங்களை இப்படி அரைமணி கொதிக்கவைத்துப் பார்த்தேன், திருப்தி. முதல்முறை போர்வெல் தண்ணீரில் வைத்த என் அறிவைத்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கொதித்து முடிந்ததும் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொருக்கு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஸ்பிரிங், ரப்பர், அலுமினியம் எதையும் இதில் போடாதீர்கள். பெரெட்டா 303 வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் ரிசீவரே அலுமினியக் கலவை, அதற்கு இந்த வைத்தியம் இல்லை.

பிடிக்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்

சுட்டதும் பின்னால் போன போல்ட்டை முன்னால் தள்ளுவது ஒரு நீளமான ஸ்பிரிங். 1100-இல் அது பிடிக்கட்டைக்கு உள்ளே, ஓர் இரும்புக் குழாயில் இருக்கிறது. வெளியே தெரியாது, சாதாரணச் சுத்தத்தில் கழற்ற மாட்டோம். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்திவைத்தால் ரிசீவரில் போட்ட எண்ணெயெல்லாம் கரியோடு சேர்ந்து அதற்குள் இறங்கும். ஈரக்காற்றும் இறங்கும். வெளியேற வழியில்லை.

நோயின் அறிகுறி இப்படி இருக்கும். போல்ட்டைக் கையால் இழுத்தால் ஆரம்பத்தில் லேசாக வந்து, நடுவில் ஓர் இடத்தில் மணல் அரைப்பது மாதிரி நெருடும். விட்டால் முழுவேகத்தில் மூடாமல், சோம்பலாகப் போய், சில சமயம் கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிடும்.

பிடிக்கட்டையைக் கழற்றுவது கஷ்டமில்லை. பின்னால் இருக்கும் ரப்பர் பேடில் இரண்டு சிறு கீறல் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையில் சோப்பு நுரை தடவி உள்ளே விட்டால் ரப்பர் கிழியாது. பேடை எடுத்ததும் ஆழத்தில் ஒரு பெரிய நட் தெரியும், நீளமான அகல முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். வாஷர்களின் வரிசையைப் படமெடுங்கள். கட்டை வெளியே வந்ததும் குழாயின் வெளிப்புறம் தெரியும். என்னுடையது அப்போது பழைய நங்கூரக் கம்பி மாதிரி இருந்தது.

உரிமையாளர் வேலை இங்கே நிற்கிறது. குழாயின் கடைசியில் ஒரு பின்தான் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. துருப்பிடித்த பின்னைத் தட்டினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும், கண்ணில் பட்டால் பார்வை திரும்பக் கிடைக்காது. கன்ஸ்மித்திடம் கொடுத்துப் பழைய ஸ்பிரிங்கை எடுத்து, குழாயின் உட்புறத்தைப் பிரஷ் போட்டு, புது ஸ்பிரிங் போடச் சொல்லுங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையது எவ்வளவு குறுகியிருக்கிறது என்று தெரியும். வரும்போது குழாய்க்குள் கிரீஸ் நிரப்பி அனுப்புவார்கள் சிலர், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். நம் ஊர் மணலோடு கிரீஸ் சேர்ந்தால் அது சாணைக்கல்.

வாயுப் பகுதியும் 24 கிராம் தோட்டாவும்

சர்வதேச விதியில் ஸ்கீட் தோட்டாவின் ஈயம் அதிகபட்சம் 24 கிராம். இந்தப் பழைய துப்பாக்கிகள் பிறந்தபோது 28-உம் 32-உம் சாதாரணம். எனவே வாயுவில் இருக்கும் சின்ன இழப்புகூட, 28-இல் தெரியாமல் போனது, 24-இல் தெரிந்துவிடும். முதல் வெற்றுத்தோட்டா வாசலிலேயே சிக்கும், அல்லது வெளியேறியும் அடுத்தது ஏறாது. ஸ்கீட்டில் இரட்டைத் தட்டு உண்டு என்பதால் இரண்டாவது தோட்டா ஏறாவிட்டால் அந்தச் சுற்றின் கதை அங்கேயே முடிந்தது.

இழப்பை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் ஓ-ரிங். நகத்தால் அழுத்தினால் மீள வேண்டும். வெடிப்பு, தட்டையான இடம், பொறுபொறுப்பு எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். துப்பாக்கிக்கென்று விற்பதை வாங்குங்கள். கடையில் ஆயிரம் ஓ-ரிங் தொங்குகிறதே என்று இன்ஜெக்டருக்கு வருவதில் ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன். விட்டம் சரி, தடிமன் சரியில்லை. நாலு சுடுக்குள் துண்டாகி மேகசின் குழாயில் ஒட்டிக்கொண்டது. சாதாரண நைட்ரைலைவிட வைட்டன் ரப்பர் சூடு தாங்கும், கிடைத்தால் அது. வாங்கும்போது நாலாக வாங்கி, ஒன்றைத் தோட்டாப் பையில் வைத்திருங்கள்.

அடுத்து குழலின் வாயுத் துளைகள். குழலுக்குக் கீழே இருக்கும் வளையத்துக்குள் பார்த்தால் தெரியும். கரி அடைத்திருக்கும். கரைப்பானில் ஊறவைத்து, பல்குச்சியோ மெல்லிய செம்புக் கம்பியோ விட்டுச் சுத்தம் செய்யுங்கள். டிரில் பிட்டைத் தொடாதீர்கள். துளையைப் பெரிதாக்கினால் 24 கிராம் ஓடும் என்று சொல்லும் அண்ணன்மார் எல்லா மைதானத்திலும் இருப்பார்கள். பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது, அடுத்த கனத் தோட்டாவில் போல்ட் ரிசீவரை உடைக்கும்.

மூன்றாவது, மேகசின் குழாயின் வெளிப்புறம். பிஸ்டன் ஓடும் பாதை அது. கரியை ஸ்டீல் வுல்லால் எடுத்து, பளபளப்பாக்கி, கடைசியில் காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெயில் நனைந்த குழாயில் கரி பேஸ்ட்டாகப் படியும். விரலில் ஒட்டாத அளவு ஈரம் போதும். இது மீனவர் வீட்டுப் பழக்கத்துக்கு நேர்மாறு, இரும்பைக் கண்டால் எண்ணெயை ஊற்றுகிறவர்கள் நாம்.

இவ்வளவும் செய்து, ஸ்பிரிங்கும் புதிதாக இருந்தும் 24 ஏறவில்லை என்றால், பயிற்சிக்கு 28 கிராம் சுட்டுவிட்டுப் போங்கள். போட்டிக்குப் போகிறவர்கள் கன்ஸ்மித்தைக் கேளுங்கள்.

மரம்

கட்டையின் முன்முனை, ரிசீவரைத் தொடும் இடம், எண்ணெய் குடித்துக் கருத்திருக்கும். அந்த மரம் மெத்தென்றாகி, உதையில் பிளக்கும். சுண்ணாம்புப் பொடியை, சுட்ட சுண்ணாம்பு இல்லை, சாக்பீஸ் தூள் மாதிரியான வெள்ளைப் பொடியை, தின்னரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். காயும்போது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும், தட்டிவிட்டு மறுபடி பூசுங்கள். எனக்கு ஆறு முறை ஆனது.

நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொட்டால், ஆவியில் மரம் எழும்பும். கீறல் எழும்பாது, நசுங்கல்தான் எழும்பும். மேலே ஆளிவிதை எண்ணெய், விரலில் நாலு சொட்டு, உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த பூச்சு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

முன்கட்டையின் உட்புறத்தில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேகசின் மூடி தளர்ந்த நிலையில் சுட்டால் அங்கேதான் விடும். என்னுடையது விட்டது, மூடியை இறுக்க மறந்தது நானேதான்.

சோக்

ஸ்கீட்டில் தட்டு இருபது மீட்டருக்குள் உடைகிறது. அதற்கு வேண்டிய இறுக்கம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அவ்வளவு கொஞ்சம். பழைய குழலில் ஃபுல் என்று பொறித்திருந்தால் ஈயக் குண்டுகள் அந்தத் தூரத்தில் கொஞ்சமாகத்தான் விரியும், நீங்கள் துரோணாச்சாரியாராக இருக்க வேண்டும். கன்ஸ்மித்திடம் சோக்கைக் கடையச் சொல்லலாம். முனையை அறுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

முதல் சோதனை

வீட்டில் டம்மி தோட்டா போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். மைதானத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் வெற்றுத்தோட்டா வெளியே போய், போல்ட் பின்னால் நிற்க வேண்டும். ஐந்து முறை அப்படி நின்ற பிறகு இரண்டு தோட்டா. பத்து ஜோடி தடங்கலில்லாமல் ஓடினால் 25 தட்டுச் சுற்றுக்குப் போகலாம். வெற்றுத்தோட்டாக்கள் விழும் தூரத்தைக் கவனியுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் ஆரோக்கியம். ஒன்று காலடியில், ஒன்று நாலடி தள்ளி என்றால் வாயு சீராக இல்லை, ஓ-ரிங்குக்குத் திரும்புங்கள்.

வைப்பது

சுட்ட அன்றே சுத்தம். நாளைக்கு என்பது இந்தக் கரையில் கிடையாது. வியர்வைக் கையால் தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

துணி உறை, தோல் உறை, ஸ்பாஞ்சு பெட்டி எல்லாம் எடுத்துப்போக மட்டும். உள்ளே வைத்துப் பூட்டினால் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்போடு ஒட்டிக் கொடுக்கும். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், இரண்டு மாதம் ஆகும் திரும்ப வர. ஒருமுறை ஸ்பாஞ்சு உறையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கியபோது குழல் முழுக்க ஸ்பாஞ்சின் அச்சு செந்துருவில் பதிந்திருந்தது. இப்போது ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் கிரீஸ் மாதிரிக் கெட்டியான எண்ணெய் தடவி, பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, உறையின் ஜிப்பைப் பாதி திறந்து கொடுக்கிறேன். திரும்ப வந்ததும், சுடும் முன், குழலுக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்கக் கூடாது.

வீட்டில் பூட்டிய இரும்பு பீரோ, முனை கீழே பார்த்து நிற்கட்டும், எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. உள்ளே சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பானால் அது குடித்து நிறைந்துவிட்டது, சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, எனக்கு வாரம் ஒருமுறை நிறம் மாறும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஈரம் குறைவு, மணல்தான் தொல்லை. அப்போது எண்ணெயைக் குறைத்து, மைதானத்தில் சுற்றுக்குச் சுற்று ரிசீவர் வாயை ஒரு காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடியும் முன், பிடிக்கட்டையைக் கழற்றிக் குழாயைப் பார்க்கிறேன். ரப்பர் பேடின் உட்புறம் ஒரு சின்னத் தாளில் திறந்த தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன், இதுவரை நாலு வரி ஆகியிருக்கிறது.